கணினியில் இசை: ஒலித்தரத்தின் வரலாறு

பாடியவரும் வாசித்தவரும் எழுப்பிய ஒலிக்கும், கணினிக் கோப்பிலிருந்து கேட்கும் ஒலிக்கும் உள்ள நெருக்கமே கணினியில் சேமித்த இசையின் ஒலித்தரம் எனப்படும். விலை உயர்ந்த ஒலிபெருக்கி வாங்கினால் தரம் கூடிவிடும் என்பது பரவலான எண்ணம். ஆனால் தரத்தின் பெரும்பகுதி, ஒலி முதன்முதலில் கணினிக்குள் நுழையும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே விடுபட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் மீட்டுத் தராது. தமிழ்நாட்டின் இசைப்பதிவுகள் அரக்குத் தட்டு, ஒலிநாடா, குறுவட்டு, எம்பி3 என்று ஊடகம் மாறி வந்த வரலாறு இதை விளக்குகிறது.

அரக்குத் தட்டுகளின் காலம்

தாமஸ் ஆல்வா எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியை உருவாக்கினார். இந்தியாவில் வணிக நோக்கில் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க் அங்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. பாடி முடித்ததும் கலைஞர் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் அக்காலத் தட்டுகளில் கேட்கிறது. மொழி அறியாத தொழிற்சாலை ஊழியர் தட்டுக்குச் சரியான பெயரை ஒட்டுவதற்காக எழுந்த வழக்கம் அது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை அமைந்தது.

இத்தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் பதிவாகும். விரிவாகப் பாட வேண்டிய கீர்த்தனையும் நாடகப் பாட்டும் அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருங்கின. 1925 வரை ஒலிவாங்கி பயன்பாட்டில் இல்லை. கலைஞர் ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் பாட வேண்டும். அந்தக் காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். ஆழ்ந்த ஒலிகளும் மிக நுண்ணிய மேல் ஒலிகளும் அதில் பதியவில்லை. 1925இல் மின்சார முறை வந்தபின் பதிவின் வீச்சு விரிந்தது.

தமிழ் மேடையின் பெரும்பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதை எட்டும் முன்பே மறைந்தார். அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. அவர் குரலை இன்று அறிவதற்கு அரக்குத் தட்டுகளே வழி. வீணை தனம்மாள் (1867–1938) போன்றோரின் வாசிப்புக்கும் கிராமபோன் தட்டுகளே முதன்மைச் சான்று. எனவே அத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது நேரும் பிழை, அக்கலைஞர்களைப் பற்றிய பிழையாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

கேசட் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகம் செய்தது. இந்தியாவில் 1980களில் அது வீடுதோறும் பரவியது. இசைத்தட்டு வாங்க இயலாதவர்களும் பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். திருவிழா, கூத்து, கல்யாணம், கச்சேரி எதையும் வீட்டு டேப் ரெக்கார்டரில் யாரும் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டின் நாட்டார் இசை பரவலாகப் பதிவானதற்குக் கேசட்டின் மலிவு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒலித்தரத்தில் கேசட் எளிய ஊடகம். அதன் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். குறைந்த வேகமும் குறுகிய நாடாவும் சேர்ந்து பின்னணியில் 'உஸ்' என்ற இரைச்சலைத் தந்தன. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், மேல் ஒலிகள் மங்கும். மூலத்திலிருந்து எத்தனையாவது நகல் என்பதே கேசட்டின் தரத்தைத் தீர்மானித்தது. இந்த ஒரு குறையைக் கணினி முற்றிலும் நீக்கியது. எண்களாக மாறிய ஒலியை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது தேய்வதில்லை.

ஒலி எண்ணாக மாறும் முறை

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தமாக மாற்றுகிறது. கணினிக்கு அது எண்களாக வேண்டும். அதற்காக மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறிக்கிறார்கள். நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாகக் குறிப்பது என்பது பிட் ஆழம்.

ஓர் ஒலியைச் சரியாகப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேலான வீதத்தில் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928இலும் கிளாட் ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படை. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 40,000க்குச் சற்று மேல் அளந்தால் போதும். சோனியும் பிலிப்சும் இணைந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு, நொடிக்கு 44,100 முறை அளந்தது. தொடக்கத்தில் எண்ணிம ஒலியை வீடியோ நாடாவில் பதிந்ததால், அந்தக் கருவிகளுக்கு ஒத்துவந்த எண்ணாக 44,100 அமைந்தது.

குறுவட்டின் பிட் ஆழம் 16. அதாவது ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளியை இது தரும். 24 பிட் என்றால் படிகள் 1,67,77,216. இடைவெளி சுமார் 144 டெசிபெல். கேட்பதற்கு 16 பிட் போதும். பதிவு செய்யும்போது 24 பிட் உதவுகிறது. திடீரென எழும் உரத்த ஒலிக்கு இடம் விட்டுத் தாழ்வான அளவில் பதிந்தாலும், மெல்லிய ஒலிகள் இரைச்சலில் மூழ்காமல் இருக்கும்.

எம்பி3: எதை எறிவது என்ற கணக்கு

குறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10.6 மெகாபைட் இடம் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு 53 மெகாபைட். 1990களின் வன்தட்டுகளுக்கும் தொலைபேசி வழி இணையத்துக்கும் இது பெரும் சுமை. ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் பங்கேற்று உருவாக்கிய எம்பி3 முறை இதற்குத் தீர்வாக வந்தது. 1995இல் அந்தக் கோப்பு வகைக்கு இப்பெயர் சூட்டப்பட்டது.

உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காது உணர்வதில்லை. மத்தளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முணுமுணுப்பு கேட்காதது போன்றது இது. அவ்வாறு காது தவறவிடும் பகுதிகளைக் கணித்து, அவற்றுக்கு ஒதுக்கும் எண்களை எம்பி3 குறைக்கிறது அல்லது நீக்குகிறது. நொடிக்கு 128 கிலோபிட் என்ற பரவலான அளவில், கோப்பு குறுவட்டுத் தரத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பாட்டுகள் மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் பயணித்தன. செல்போன் கடைகளில் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவது ஒரு தொழிலாகவே நடந்தது.

சுருக்கத்தின் விலை சில இசைக்கருவிகளில் தெளிவாகக் கேட்கும். ஜால்ரா, கஞ்சிரா போன்றவற்றின் கூர்மையான தட்டு, ஒலிக்கும் கணத்துக்குச் சற்று முன்பே மெல்லிய சிதறலாகக் கேட்கத் தொடங்கும். தம்புராவின் நுண்ணிய மேல்சுரங்கள் தடுமாறும். 128 கிலோபிட் கோப்புகளில் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி வெட்டப்பட்டிருக்கும். நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் அளவில் பெரும்பாலோருக்கு மூலத்துடன் வேறுபாடு தெரிவதில்லை. ஒரு எம்பி3 கோப்பைத் திருத்தி மீண்டும் எம்பி3ஆகச் சேமித்தால், ஏற்கெனவே குறைந்ததிலிருந்து மேலும் குறையும். நகலால் தேயும் பழைய கேசட்டின் நோய், இங்கே வேறு வடிவில் திரும்பி வருகிறது.

இழப்பற்ற சுருக்கம்

எதையும் எறியாமல் கோப்பைச் சுருக்கும் முறைகளும் உண்டு. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முதல் பதிப்பு வெளியான ஃபிளாக் அவற்றுள் புகழ்பெற்றது. மடித்து வைத்த வேட்டியை விரித்தால் முழு வேட்டியும் கிடைப்பதுபோல, ஃபிளாக் கோப்பை விரித்தால் மூலத்தின் ஒவ்வோர் எண்ணும் அப்படியே கிடைக்கும். கோப்பின் அளவு பொதுவாகப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். ஒலித்தரவு சிதையாமல் உள்ளதா என்று பின்னாளில் சரிபார்க்கும் குறியெண்ணையும் அது தன்னுள் வைத்திருக்கிறது. அதன் வடிவம் திறந்த தரமாதலால், ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் கோப்பு வாசிக்க முடியாததாகிவிடாது.

இங்கே ஒரு மயக்கம் பரவலாக உள்ளது. எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் தரம் உயராது. கோப்பு பெரிதாவதே மிச்சம். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டின் அலைமாலைப் படத்தைப் பார்த்தால், 16,000 ஹெர்ட்சில் கத்தரித்ததுபோல் ஒலி நிற்பது பல வேளைகளில் தெரியும். ஃபிளாக் என்று பெயரிட்டிருந்தாலும், அது எம்பி3இலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் 1930களின் தட்டில் இயல்பாகவே மேல் ஒலிகள் குறைவு. எனவே பழம்பதிவுகளுக்கு இச்சோதனை மட்டும் போதாது.

தட்டிலிருந்து கணினிக்கு

அரக்குத் தட்டைக் கணினிக்கு மாற்றுவதில் முதற்சிக்கல் வேகம். தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று என்று அழைக்கப்பட்டாலும், தொடக்ககாலத்தில் வேகம் சீராக இல்லை. கர்நாடக இசை வழக்கில் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள சுருதி வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. ஏறத்தாழ 73.6 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால், பாடகரின் சுருதி அரைக் கட்டை உயர்ந்துவிடும். மூன்று நிமிடப் பாட்டு 170 நொடியில் முடிந்து, காலப்பிரமாணமும் விரையும்; குரலின் இயல்பும் மாறும். உச்ச சுருதிப் பாட்டுக்குப் பெயர்பெற்ற கிட்டப்பா போன்ற ஒருவர் உண்மையில் எத்தனை கட்டையில் பாடினார் என்ற கேள்விக்கு, தட்டைச் சுழற்றும் வேகமே தவறான விடை தந்துவிடக்கூடும். பக்கவாத்தியமான ஆர்மோனியம் இதற்கு ஒரு துப்பு. அதன் சுரங்கள் நிலையானவை. சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ விழுந்தால் வேகத்தை ஐயுற வேண்டும். ஆர்மோனியங்களின் சுருதியிலும் வேறுபாடு உண்டு என்பதால் அது ஒரு சான்று மட்டுமே.

இரண்டாவது, ஊசி. அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். பிற்கால நீளிசைத்தட்டுக்குரிய 25 மைக்ரான் முனையை வைத்தால், அது பள்ளத்தின் அடியில் உள்ள தூசியை உரசி இரைச்சலையே எடுத்துத் தரும். அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் 78 சுற்றுத் தட்டுத் திட்டத்தில், வெவ்வேறு அளவுள்ள நான்கு ஊசிகளால் ஒரே வேளையில் பதிந்து, நன்றாகக் கேட்பதைத் தெரிவு செய்கிறார்கள்.

மூன்றாவது, சமன்படுத்தல். 1954ஐ ஒட்டி அமெரிக்க இசைத்தட்டுத் துறை ஒரு பொதுத் தரத்தை ஏற்று, பிறகு அது உலகெங்கும் பரவியது. அதற்குமுன் ஒவ்வொரு நிறுவனமும் ஆழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் தன் விருப்பப்படி கூட்டிக் குறைத்துப் பதிந்தது. இன்றைய பெருக்கியின் நிலையான அமைப்பில் அத்தட்டுகளைக் கேட்டால் ஒலி மங்கித் தோன்றும்.

தட்டைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். அரக்கு சாராயத்தில் கரையும். ஆகவே ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் தட்டை அழித்துவிடும்.

பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணகங்களின் சங்கம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியச் சொல்கிறது; 96 கிலோஹெர்ட்சைப் பரிந்துரைக்கிறது. பழைய தட்டில் அவ்வளவு உயர்ந்த இசையொலி இல்லை. ஆயினும் கீறலின் 'டிக்' ஒலி கூர்மையாகப் பதிந்தால்தான், மென்பொருளால் அதை இசையிலிருந்து பிரித்தறிய முடியும். இரைச்சல் நீக்காத மூலக்கோப்பை அப்படியே காத்து, திருத்தங்களை அதன் நகலில் மட்டும் செய்ய வேண்டும் என்பது ஆவணகங்களின் அடிப்படை விதி. இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவையும் நீக்கிவிட்ட கோப்பு மட்டுமே மிஞ்சினால், நாளை வரும் சிறந்த மென்பொருளுக்கு வேலை செய்ய மூலம் இருக்காது.

நீலகிரியும் சேரங்கோடும்

பதிவின் அருமையை நீலகிரி மலை நன்கு உணர்த்தும். மொழியியலாளர் எமனோ 1930களில் இங்கு வந்து தொதவர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். 1971இல் வெளியான அவருடைய தொதவர் பாடல் தொகுப்பு சொற்களைக் காத்தது. எழுத்தால் குரலைக் காக்க இயலாது. கோத்தர் இசையை ரிச்சர்ட் வுல்ஃப் 1990களில் தங்கி ஆராய்ந்து பதிவு செய்தார். 'கொள்' எனும் இரட்டை நாக்குக் குழலும், 'தபட்க்' எனும் தோற்கருவியும், 'கொப்' எனும் கொம்பும் திறந்தவெளியில் உரத்து ஒலிப்பவை. இத்தகைய இசையைப் பதிகையில் அளவை உச்சத்தில் வைத்தால், தோற்கருவியின் முதல் அடியிலேயே அலையின் முனை வெட்டுப்படும். எண்ணிமப் பதிவில் வெட்டுப்பட்ட முனை மீளாது. உச்சத்துக்குக் கீழே 12 டெசிபெல் வரை இடம் விட்டு, 24 பிட்டில் பதிவது பாதுகாப்பானது.

சேரங்கோடு, பந்தலூர் வட்டத்தில் கேரள எல்லையை ஒட்டியுள்ள ஊராட்சி. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க இசைந்தது. இலங்கையிலிருந்து வந்தோருக்கு வேலை தருவதற்காக அரசு வளர்த்த டேன்டீ தேயிலைத் தோட்டங்களுள் சேரங்கோடும் ஒன்று. மலையகத் தமிழரின் மரபில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகள் புகழ்பெற்றவை. இத்தகைய கலைகளின் ஒலி, இசை நிறுவனங்களின் வெளியீட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒரு லைன் வீட்டில் யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த கேசட்டே, ஒரு பாடகரின் குரலுக்கு உலகில் உள்ள ஒரே பிரதியாக இருந்துவிடலாம்.

தென்மேற்குப் பருவமழை கொட்டும் இப்பகுதியின் ஈரம் நாடாவுக்குப் பகை. நாடாவில் வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டக்கூடாது. ஓட்டினால் நாடா சேதமாவதோடு, பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல நிலையிலுள்ள கேசட்டை முதலில் ஒரு முறை முழுதும் சுற்றித் திரும்பச் சுற்ற வேண்டும். கருவியின் தலைப்பகுதியைச் சுத்தம் செய்து, நாடாவுக்கு நேர்செங்குத்தாக அது நிற்கும்படி சிறு திருகாணியால் சரிசெய்ய வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் மேல் ஒலிகள் மங்கும். டேப்பின் 'லைன் அவுட்' துளையைக் கணினியின் 'லைன் இன்' துளையோடு இணைக்க வேண்டும். மைக் துளையில் செருகினால் ஒலி சிதறும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அறுபது நிமிடக் கேசட் ஒன்று சுமார் ஒரு கிகாபைட் இடம் பிடிக்கும். பல கேசட்டுகளின் மூலக்கோப்புகளை ஒரு சிறிய பென் டிரைவில் அடக்கிவிடலாம். இடமில்லை என்பதற்காக எம்பி3இல் பதிந்த காலம் கடந்துவிட்டது.

கேட்கும் முனை

நல்ல கோப்பு கையில் இருந்தால், மற்றவை எளிமையானவை. கணினியின் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிறு மாற்றி எல்லாக் கணினியிலும் உள்ளே இருக்கும். உள்ளேயுள்ள மின்னிரைச்சல் ஹெட்போனில் கேட்டால், யுஎஸ்பி வழி இணைக்கும் வெளி மாற்றி உதவும். இயங்குதளத்தின் 'ஒலி மேம்பாடு' அமைப்புகளை அணைத்துவிட்டால், பாட்டு மாற்றமின்றி வரும். ஒலிபெருக்கியைச் சுவர் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் ஆழ்ந்த ஒலியின் முழக்கம் அடங்கும். இவற்றுள் எதுவும் கோப்பில் இல்லாததைச் சேர்ப்பதில்லை.

சத்தம் கூடுதலாக இருப்பதே தரம் என்ற மயக்கமும் உண்டு. இரண்டு பதிப்புகளுள் சற்று உரத்தது காதுக்கு மேலாகத் தோன்றும். இதனால் 1990களிலிருந்து பல வெளியீடுகள், மெல்லியதும் உரத்ததும் ஒரே மட்டமாகும்வரை அழுத்தப்பட்டன. இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

ஆவணகங்கள்

குருகிராமில் உள்ள இசையியல் ஆவணகம், 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. ஆய்வாளர்களின் களப்பதிவுகளைக் காக்கிறது. மும்பையில் 1990இல் உருவான இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், சேகரிப்பாளர்களை ஒன்றிணைத்தது. சென்னை மியூசிக் அகாதெமியில் அமைந்துள்ள டேக் எண்ணிமக் கேட்பகத்தில், கர்நாடக இசைப் பதிவுகளைக் கணினித் திரையில் தேர்ந்து கேட்கலாம். 2005இல் தொடங்கிய இலங்கையின் நூலகம் நிறுவனம், ஈழத்து, மலையக ஆவணங்களை எண்ணிம வடிவில் திரட்டுகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை தனியே கணக்கிடப்படும்.

வீட்டில் பழைய நாடாவோ தட்டோ வைத்திருப்போர், மூலக்கோப்பின் நகல்களை வெவ்வேறு இடங்களில் வைப்பது நலம். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, எந்தக் கருவியில் எந்த வேகத்தில் மாற்றப்பட்டது ஆகியவற்றைக் கோப்போடு எழுதி வைக்க வேண்டும். மாற்றி முடித்தபின் மூல நாடாவையும் தட்டையும் எறியக்கூடாது. இன்னும் நுட்பமான கருவி வரும்போது, மீண்டும் ஒருமுறை மாற்றிப் பார்க்க அவை இருந்தாக வேண்டும்.